எழிலரசி கேட்ட அமைதி

சிங்காரத்துக்குக் கோபம் வருவதற்குக் காரணமே வேண்டாம் என்று கடலூர் ஓ.டி. என்கிற பழைய ஊரில் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. காரணம் இருக்கும். ரசத்தில் உப்பு ஒரு கல் குறைந்திருக்கும், எதிர்வீட்டுச் சேவல் மத்தியானத்தில் கூவியிருக்கும், டி.வி.யில் செய்தி வாசிக்கிற பெண் மழையை மலை என்று சொல்லியிருப்பாள். அவருக்கு அது போதும். தட்டு பறக்கும். செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு நேருக்கு நேராகப் பதில் போகும். பத்து நிமிஷம் கழித்து ஆள் தெருமுனைக்குப் போய் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பொட்டலம் வாங்கிவந்து, "எழிலு, இந்தா" என்று நீட்டுவார். மன்னிப்பெல்லாம் அவர் வாயில் வராது. மல்லாட்டைதான் மன்னிப்பு.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஓடுகிற தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டராக இருந்தார். ரசாயன ஆலைகள் இருக்கிற குடிகாடு பக்கம் பஸ் நெருங்கும்போது, "மூக்க மூடு, குடிகாடு! எறங்குறவங்க மட்டும் மூச்ச விடு!" என்று கத்துவார். பஸ் மொத்தமும் சிரிக்கும். படிக்கட்டில் தொங்குகிற கல்லூரிப் பையன்களைக் காதைப் பிடித்து உள்ளே இழுப்பார். தினமும் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்ட ராபர்ட் என்கிற பயணியோடு ஆறு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தவர், ஏழாவது மாதம் அவரை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ராபர்ட் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் போகிற ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார்.

பஸ்ஸில் சிரிப்பாக இருந்தது வீட்டில் அவ்வளவு சிரிப்பாக இல்லை. எழிலரசி மங்கலம்பேட்டைக்காரி. சிங்காரத்துக்கு முறைப்பெண், அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் மாமா என்றே கூப்பிட்டாள். அதிகம் பேசமாட்டாள். யாராவது குரலை உயர்த்தினால் அடுப்படிக்குப் போய்விடுவாள். வீட்டுக்காரர்களோடு சிங்காரம் போட்ட சண்டைகளால் ஏழு வருஷத்தில் நாலு வீடு மாறியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் பாத்திரங்களைச் சாக்கில் கட்டும்போது அவளுக்கு அழுகை வரும். நாலாவது தடவை பெண் குழந்தை அனுப்பிரியாவுக்கு நாலு வயது. அதுவும் தன் சொப்புச் சாமான்களை ஒரு துணியில் போட்டுக் கட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் எழிலரசிக்கு மனசு விட்டுப்போனது.

அந்த வருஷம், 2005 புரட்டாசி சனிக்கிழமை, திருவந்திபுரம் போனாள். தேவநாத சுவாமி சந்நிதியில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. நின்ற அரை நிமிஷத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பெருமாளே, இந்த மனுசனுக்குக் கொஞ்சம் அமைதியக் குடு. வீட்டுல ஒரு நாளாச்சும் சத்தமில்லாம சோறு திங்கணும். அவருக்கு முடி எறக்கி வெக்கிறேன்."

அடுத்த வருஷம் ஐப்பசியில் ஒரு சாயங்காலம், டூட்டி முடிந்து டி.வி.எஸ். ஐம்பதில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது நாய் குறுக்கே ஓடியது. வண்டி சறுக்கி, சிங்காரத்தின் தலை மதகுக் கட்டையில் மோதியது. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் நாற்பத்தோரு நாள் கிடந்தார். முதல் நாளே தலையை மழித்துவிட்டுத்தான் ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். கண்ணாடிக் கதவு வழியாக அந்த மொட்டைத் தலையைப் பார்த்ததும் எழிலரசிக்கு வேண்டுதல் ஞாபகம் வந்தது. தான் கேட்டதால்தான் இப்படி ஆகிவிட்டதோ என்று பயந்தாள். யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளன்று இளம் டாக்டர் ஒருவர் மூன்று பக்கக் காகிதம் கொடுத்தார்.

"உயிருக்குப் பயமில்லம்மா. நடப்பாரு, சாப்புடுவாரு, பேசுவாரு. பழைய ஞாபகம் சிலது இருக்கும், சிலது இருக்காது. இனிமே கொஞ்சம் அமைதியா இருப்பாரு. பாத்துக்குங்க."

அமைதியா இருப்பாரு. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எழிலரசி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். உயிரோடு திரும்பிவந்தாரே என்பதற்காக ஒன்று, இதற்காக ஒன்று.

பஸ்ஸில் வரும்போது காகிதத்தைப் பிரித்துப் பார்த்தாள். பத்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி இங்கிலீஷ் படிக்க வரும், அர்த்தம்தான் பிடிபடாது. கடைசிப் பக்கத்தில், நோயாளி இப்போது எப்படி இருக்கிறார் என்று எழுதுகிற இடத்தில், ஒரே ஒரு வார்த்தை இருந்தது. பி, எல், ஏ, சி, ஐ, டி. பிளாகிட் என்று படித்துக்கொண்டாள். பக்கத்தில் சிங்காரம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் மீதிச் சில்லறை தராமலே போனான். சிங்காரம் ஒன்றும் சொல்லவில்லை.

வீடு அமைதியானது. கேட்டது கிடைத்துவிட்டது.

பக்கத்து வீட்டுத் தங்கம்மாள், "எழிலு, நீ குடுத்து வெச்சவடி. பச்சப் புள்ள மாதிரி ஆயிட்டாரு ஒம்புருசன்" என்றாள். சிங்காரத்தோடு சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியிருந்தவர்கள்கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். எல்லாருக்கும் சிங்காரம் ஒரே மாதிரி தலையாட்டினார், ஒரே மாதிரி சிரித்தார். காலையில் எழுப்பினால் எழுந்தார். சோறு போட்டால் சாப்பிட்டார். போடாவிட்டால் கேட்கவில்லை. குழந்தை அவர் முதுகில் ஏறி விளையாடியது. முன்பெல்லாம் அப்பா செருப்புச் சத்தம் கேட்டாலே கதவுக்குப் பின்னால் ஒளிகிற குழந்தை.

ஒன்று மட்டும் எழிலரசிக்கு உறுத்தியது. அவர் அவளை எழிலு என்று கூப்பிடுவதில்லை. "எழிலரசி, தண்ணி குடு" என்றார், ரேஷன் அட்டையைப் பார்த்துப் படிப்பவர் மாதிரி, முழுப் பெயரும் சொல்லி.

வீட்டுச் செலவுக்கு யாராவது சம்பாதிக்க வேண்டுமே. ராபர்ட் ஒரு நாள் வந்தார். சிங்காரத்தின் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். "மச்சான், ஜன்னல் சீட்டு எனக்குத்தான்" என்று சீண்டிப் பார்த்தார். சிங்காரம், "சரி, ஒக்காருங்க" என்றார். ராபர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"தங்கச்சி, கடையில ஸ்பைரல் பைண்டிங் போட ஆள் இல்ல. தெனம் வந்துட்டுப் போக முடியுமா? பஸ்ஸுல ஒன்ன எவனும் டிக்கெட் கேக்க மாட்டான்."

அப்படித்தான் எழிலரசி, தன் புருஷன் பதினோரு வருஷம் கத்திக்கொண்டே போய்வந்த ரோட்டில், தினமும் போய்வர ஆரம்பித்தாள். சிங்காரத்தைத் தங்கம்மாள் பார்த்துக்கொண்டாள். பார்த்துக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை; உட்காரவைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். குடிகாடு நெருங்கும்போது மருந்து வாடை உள்ளே வரும். புதுக் கண்டக்டர் சும்மா நிற்பான். எல்லாரும் அவரவர் கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொள்வார்கள். ஒருத்தரும் சிரிப்பதில்லை. எழிலரசி மட்டும் மூக்கை மூடாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ராபர்ட் கடையில் ஓரம் கிழிந்த இங்கிலீஷ்-தமிழ் அகராதி ஒன்று இருந்தது. கடைக்குப் போன முதல் வாரமே ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் கொண்டுபோய் அந்த வார்த்தையைத் தேடினாள். அமைதியான, சலனமற்ற, எளிதில் கலங்காத என்று போட்டிருந்தது. எல்லாமே நல்ல வார்த்தைகளாக இருந்தன. கோயிலில் சாமிக்குச் சொல்கிற வார்த்தைகள். பிறகு ஏன் தனக்குச் சந்தோஷம் வரவில்லை என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஒரு வருஷம் போல இப்படிப் போனது. ஒரு நாள் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். ஒரு வாய் தின்றபோதுதான் தெரிந்தது. திடுக்கிட்டு நிமிர்ந்தாள். சிங்காரம் பாதி சாப்பிட்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. மறுநாள் வேண்டுமென்றே உப்புப் போடவில்லை. அதற்கு மறுநாள் ஒரு கை அள்ளிப் போட்டாள். சாப்பிட்டார். இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

"எப்டி மாமா இருக்கு கொழம்பு?"

"நல்லா இருக்கு."

அவள் அடுப்படியில் போய் நின்றுகொண்டு அந்தக் குழம்பை ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். துப்பினாள். தட்டு பறந்தால் தேவலை என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நினைத்தாள்.

சனி ஞாயிறுகளில் தொலைதூரக் கல்வி வகுப்புக்கு வருகிறவர்களால் ராபர்ட் கடை நிறைந்துவிடும். அப்படி வருகிறவர்களில் மேரி ஷாலினி என்று ஒரு பெண். கடலூரில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆங்கிலம் எம்.ஏ. படித்தாள். 2008ல் ஒரு நாள் அவளுடைய புராஜெக்டைப் பைண்டிங் போட்டுக்கொண்டிருந்தபோது, கடையில் வேறு யாரும் இல்லை. எழிலரசி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மிஸ், ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேக்கணும். பிளாகிட்னா என்னா?"

காகிதத்தை வாங்கிப் பார்த்த ஷாலினி, "பிளாசிட்க்கா. சி-யை ச மாதிரி படிக்கணும்" என்றாள். "அமைதியா இருக்காருன்னு எழுதியிருக்காங்க."

"அது டிக்சனரிலயே போட்டிருக்கு மிஸ். எந்த மாதிரி அமைதி?"

ஷாலினி சிரித்தாள். பிறகு அது வேடிக்கைக்குக் கேட்ட கேள்வி இல்லை என்று எழிலரசியின் முகத்தில் தெரிந்துகொண்டு, நிதானமாக யோசித்தாள்.

"அமைதிக்கு இங்கிலீஷ்ல காம்-னு ஒரு வார்த்த இருக்குக்கா. கோவக்கார ஆளக் கூட காம்-ஆ இருக்காருன்னு சொல்லலாம். அடக்கிக்கிட்டு இருக்காரு, இல்ல கோவம் எறங்கிடுச்சுன்னு அர்த்தம். செரீன்-னு இன்னொண்ணு. அது மனசு நெறஞ்சு போயி வர்ற அமைதி. எங்க கோயில்ல மாதா மொகத்துல இருக்குமே, அது. பிளாசிட்டு வேற. காத்து அடிக்காத ஏரியில தண்ணி கெடக்கும்ல, அதுக்குச் சொல்வாங்க. அழாத கொழந்தைக்குச் சொல்வாங்க. அப்பறம்..." நிறுத்திவிட்டாள்.

"அப்பறம்?"

"மாட்டுக்குச் சொல்வாங்கக்கா. சும்மா நின்னு அச போட்டுக்கிட்டிருக்குமே, அந்த மாதிரி மாட்டுக்கு."

ஸ்பைரல் கம்பி எழிலரசியின் விரல்களுக்குள் நின்றுபோனது.

"மனுசங்களுக்குச் சொன்னா?"

"நல்ல விதமாவும் சொல்லலாம். சட்டுனு எதுக்கும் அசஞ்சு குடுக்காதவங்கன்னு. சில சமயம், வெளியில நடக்கறது எதுவும் உள்ள போயிச் சேரலன்னும் அர்த்தம் வரும்." ஷாலினி குரலைத் தாழ்த்தினாள். "யாருக்கா இது?"

"எங்க வூட்டுக்காரரு."

அன்று திரும்பும்போது வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. கீழே தண்ணீர் அசையாமல் கிடந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு பேர் இறங்கிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று காற்று வாங்கினார்கள். எழிலரசிக்கு ஒரு கல்லை எடுத்து அந்தத் தண்ணீரில் எறிய வேண்டும் போல இருந்தது.

எறிந்தும் பார்த்தாள். கல்லை இல்லை, ஒரு பொய்யை.

அனுப்பிரியா கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு தடவை சிங்காரத்தோடு கோபித்துக்கொண்டு மங்கலம்பேட்டைக்கு அண்ணன் தேவநாதன் வீட்டுக்குப் போயிருந்தாள். போய்ச் சேர்ந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதற்குள் அடுத்த பஸ்ஸில் சிங்காரம் வந்து இறங்கினார். காக்கிச் சட்டையோடு, தோளில் டிக்கெட் பையோடு, டூட்டியைப் பாதியில் விட்டுவிட்டு. தெரு நடுவில் நின்றுகொண்டு, "எம்பொண்டாட்டிய அனுப்புங்கடா! கஞ்சி ஊத்தறதுக்கு எனக்கு ஆளில்ல!" என்று போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. எழிலரசி வெட்கத்தில் செத்துப்போனாள். அண்ணிகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஊர் தாண்டுகிற வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தவர், விருத்தாசலத்தில் இறங்கிப் போய் அவளுக்குப் பூ வாங்கிவந்தார்.

2009 தை மாதம் தாண்டி ஒரு வெள்ளிக்கிழமை, எழிலரசி பையில் துணிகளை எடுத்து வைத்தாள். சிங்காரத்தின் எதிரில் போய் நின்றாள்.

"மாமா, நான் அண்ணன் வூட்டுக்குப் போறேன். புள்ளயையும் கூட்டிக்கிட்டுப் போறேன். இனிமே வர மாட்டேன்."

சிங்காரம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் பையைத் தோளில் மாட்டாமல் நின்றாள்.

"சரி," என்றார். "பாத்துப் போ. கூட்டமா இருக்கும்."

போனாள். மங்கலம்பேட்டையில் பஸ் நிற்கிற சத்தம் தெருவரைக்கும் கேட்கும். முதல் நாள் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வாசலுக்கு வந்தாள். இரண்டாம் நாளும் வந்தாள். அண்ணன் தேவநாதன், "யாருக்காகக் காத்துக்கிட்டு நிக்கிற? அவருக்குத்தான் ஒடம்பு சரியில்லியே" என்றார். "சும்மாண்ணே, காத்துக்கு நிக்கிறேன்" என்றாள். அனுப்பிரியா, "அப்பாவுக்கு யாரும்மா சோறு போடுவாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. இறங்கிப்போகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் இறங்கினார், தபால்காரர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

தங்கம்மாள் வாசலில் நின்றிருந்தாள். "ரெண்டு நாளும் நான்தான் சோறு போட்டேன். நீ எங்கன்னு ஒரு வார்த்த கேக்கலடி" என்றாள், ஏதோ பாராட்டு மாதிரி.

உள்ளே சிங்காரம் அதே நாற்காலியில் இருந்தார். "வந்துட்டியா எழிலரசி?" என்று சிரித்தார். நல்ல சிரிப்பு. குற்றம் சொல்ல முடியாத சிரிப்பு. அனுப்பிரியா ஓடிப்போய் அவர் மடியில் ஏறிக்கொண்டது. எழிலரசி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் அழுதாள். செத்துப்போனவருக்காக என்றால் தெருவே கூடி அழும். எதிரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிற ஒருவருக்காக எப்படி அழுவது, யாரிடம் சொல்லி அழுவது?

அடுத்த சனிக்கிழமை திருவந்திபுரம் போனாள். வேண்டுதல் நிலுவையில் இருந்ததல்லவா. மூன்று வருஷமாகப் போகவில்லை. சந்நிதியில் அன்று கூட்டம் குறைவு. பட்டர் தீபாராதனை காட்டும்போது அவள் கும்பிடவில்லை. கைகளைத் தொங்கவிட்டு நின்றாள்.

"நான் கேட்டது இது இல்ல," என்றாள். பக்கத்தில் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்தாள். "கோவத்த எடுன்னேன். ஆள எடுக்கச் சொல்லல. முடியையும் நீயே எடுத்துக்கிட்ட. இனிமே ஒனக்கும் எனக்கும் ஒண்ணும் பாக்கி இல்ல."

சொன்ன பிறகு பயம் வந்தது. கெடில ஆற்றங்கரையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அன்றிலிருந்து, விபத்துக்குத் தன் வேண்டுதல்தான் காரணம் என்கிற நினைப்பு மெதுவாக விட ஆரம்பித்தது. சாமியிடம் சண்டை போட்டுவிட்ட பிறகு பழியைத் தான் மட்டும் சுமப்பானேன் என்று இருந்தது.

2010ல் ராபர்ட் ஒரு வழி சொன்னார். "மச்சான வீட்டுலயே ஏன் வெச்சிருக்க? கடைக்குக் கூட்டிக்கிட்டு வா. பக்கம் அடுக்கறதுக்குப் பொறுமையான கை வேணும்." சிங்காரம் வந்தார். ஜெராக்ஸ் எடுத்த தாள்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி விளிம்பு தட்டி வைத்தார். அறுநூறு பக்கம் என்றாலும் ஒரு பக்கம் மாறாது. மாணவர்கள் அவசரப்படுத்துவார்கள், அதட்டுவார்கள். அவர் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டிருப்பார். "சார் மாதிரி பொறுமை எனக்கு வராது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பக்கத்து மேஜையில் கம்பி கோத்துக்கொண்டிருக்கிற எழிலரசிக்கு அது ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று குத்தும்.

பிறகு அந்தப் புயல் வந்தது. 2011 டிசம்பர் முப்பது. பொழுது புலர்கிறபோதே கடல் பக்கத்துக் காற்று ஓ.டி.யின் கூரைகளைப் பிய்க்க ஆரம்பித்துவிட்டது. எழிலரசி வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஓடு ஒரு மூலையில் தூக்கித் தூக்கி அடித்தது. தங்கம்மாள் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்து, "பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்கடி! கட்டடம் அங்கதான் இருக்கு!" என்றாள். அனுப்பிரியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. சிங்காரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், தூக்குகிற ஓட்டுக்கு நேர் கீழே.

"மாமா, எழுந்துருங்க."

"ஒக்காந்திருக்கேன்."

"ஓடு விழுவுது மாமா!"

அவர் மேலே பார்த்தார். "ஆமா," என்றார்.

எழிலரசிக்குள் எங்கிருந்தோ ஒரு சத்தம் கிளம்பியது. "யோவ்! எழுந்துருய்யா! ஏறு, உள்ள ஏறு, எடம் இருக்கு! படியில நிக்காத!" என்ன சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சிங்காரம் சட்டென்று எழுந்து நின்றார். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் வாசலைத் தாண்டினாள். பின்னால் ஓடு விழுந்து நொறுங்கிய சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூட அறையில் நாற்பது ஐம்பது பேர். ஜன்னல்கள் அடித்துக்கொண்டன, பிள்ளைகள் வீறிட்டன. சிங்காரம் சுவரில் சாய்ந்து, எப்போதும்போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அனுப்பிரியா அவர் தோளில் சாய்ந்ததும் அழுகையை நிறுத்தியது. இன்னொரு குழந்தை நகர்ந்து வந்தது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் அவரைச் சுற்றி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. யாரோ ஒருத்தியின் கைக்குழந்தை அவர் மடியில் தூங்கிவிட்டது.

"இவரு மொகத்தப் பாத்தா பயம் போயிடுதும்மா," என்றாள் அந்தத் தாய்.

எழிலரசி பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் உண்மைதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த அறையில் அந்த நேரத்துக்கு அவரைவிட நல்ல ஆள் இல்லை. இருந்தும் அவள் மனசு வெளியே, மழைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பழைய சிங்காரமாக இருந்தால் இந்நேரம் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, காற்றையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு, தெருத்தெருவாகப் போய்க் கிழவர்களை முதுகில் தூக்கிவந்திருப்பார். அந்த ஆளைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. ஒரு தடவை. ஒரே ஒரு தடவை.

நான்கு நாள் கழித்துத் தார்ப்பாய் கொடுத்தார்கள். வரிசையில் நின்றவர்களை விட்டுவிட்டு யார் யாருக்கோ பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. சிங்காரம் வரிசையில் நின்று நின்று பின்னால் தள்ளப்பட்டுக் கடைசியில் நின்றார். எழிலரசி நேராக முன்னால் போனாள். அவள் போட்ட சத்தத்தில் தார்ப்பாய்க் கட்டு முன்பக்கம் வந்தது.

"சிங்காரம் பொண்டாட்டியா இது?" என்றார்கள். "இவ வாயத் தொறந்து பாத்ததில்லியே!"

மூன்று தார்ப்பாய் வாங்கிவந்தாள். ஒன்று தங்கம்மாளுக்கு. அவளே கூரைக்கு மேல் ஏறிக் கட்டினாள்.

பல நாள் கரண்ட் வரவில்லை. பொழுது சாய்ந்தால் விளக்கைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்திருப்பார்கள். டி.வி. இல்லாமல் அனுப்பிரியாவுக்குப் பொழுது போகவில்லை. பத்து வயது முடிந்திருந்தது அதற்கு.

"ஸ்கூல்ல எல்லாருக்கும் நம்ம அப்பாவதான் புடிக்குதும்மா. அவங்க அப்பால்லாம் கத்துவாங்களாம், அடிப்பாங்களாம். எங்கப்பாவுக்குக் கோவமே வராதுன்னு சொன்னேன். அவ்வளவு நல்லவரு."

எழிலரசி விளக்குத் திரியைத் தூண்டினாள். இந்தப் பெண்ணுக்கு அந்த மனுஷனைத் தெரியாது. ராபர்ட்டுக்குத் தெரியும், பஸ்ஸில் வந்தவர்களுக்குத் தெரியும், அவர்கள் மறந்துவிடுவார்கள். தானும் போய்விட்டால் அப்படி ஒருவர் இருந்தார் என்று சொல்ல ஒருத்தரும் இருக்கமாட்டார்கள்.

"கத சொல்லட்டுமா?" என்றாள்.

"சொல்லும்மா."

"ஒரு ஊர்ல ஒரு கண்டக்டரு இருந்தாரு. காரணமே இல்லாம கோவம் வரும் அவருக்கு..."

கரண்ட் வந்த பிறகும் கதை நிற்கவில்லை. 2012 முழுக்க, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் சொன்னாள். செய்தி வாசிக்கிற பெண்ணோடு போட்ட சண்டை. நாலு வீடு மாறியது. மங்கலம்பேட்டைத் தெருவில் நின்று கத்தியது. கத்துகிற இடங்களில் அவளும் கத்திக் காட்டினாள். முதலில் அனுப்பிரியா முகம் சுளித்தது. "நல்லவேள, நம்ம அப்பா இப்டி இல்ல" என்றது. எழிலரசிக்கு வலித்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. போகப்போகப் பெண் விழுந்து விழுந்து சிரித்தது. யாருடைய கதை என்று அதற்குப் புரிந்துவிட்டது என்பது எழிலரசிக்கும் தெரிந்தது. இருவரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. சிங்காரமும் கூடவே உட்கார்ந்து கேட்டார், தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் அவள் சொன்னது, ஆலப்பாக்கத்தில் பிரசவ வலியோடு பஸ் ஏறிய பெண்ணின் கதை. அந்தக் கண்டக்டர் பஸ்ஸை எந்த ஸ்டாப்பிலும் நிறுத்தவிடவில்லை. இறங்க வேண்டியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒரே ஆள் அத்தனை பேரோடும் சண்டை போட்டுக்கொண்டே, டிரைவரையும் திட்டிக்கொண்டே, பஸ்ஸை நேராக ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். குழந்தை பிறந்த செய்தி வந்த பிறகு, இறங்க முடியாமல் போன அத்தனை பேரையும் அதே பஸ்ஸில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோய் விட்டார். வழி முழுக்க அவர்களோடு மறுபடி சண்டை.

அனுப்பிரியா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. சிங்காரமும் சிரித்தார்.

"நல்ல ஆளுதான்," என்றார். கொஞ்சம் யோசித்தார். "இப்ப அவரு எங்க இருக்காரு, எழிலரசி?"

அனுப்பிரியாவின் சிரிப்பு நின்றது. அது அம்மாவைப் பார்த்தது.

எழிலரசி சேலை முனையை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "தெரியல மாமா. போன எடத்துலேர்ந்து ஒரு தகவலும் இல்ல."

"ஒனக்குப் பழக்கமா?"

"ரொம்ப."

சிங்காரம் தலையாட்டினார். யாரோ ஒருவருடைய கஷ்டத்தைக் கேட்டுக்கொள்கிறவர் மாதிரி, மரியாதையாக. அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்ன பார்த்தாரோ, தன் கையை எடுத்து அவள் கைமேல் வைத்தார். அவராக வைத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. கனமில்லாத, வெதுவெதுப்பான கை.

"வந்துருவாரு," என்றார். "கவலப்படாத."

எழிலரசி கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கண்டக்டர் இதைப் பார்த்திருந்தால், எவன்டா எம்பொண்டாட்டி கையப் புடிக்கிறது என்று ஒரு கூப்பாடு போட்டிருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது.

"அம்மா, இன்னொண்ணு சொல்லும்மா," என்றது அனுப்பிரியா, மெல்ல.

"ஆமா, சொல்லு," என்றார் சிங்காரம். "அவரப் பத்தியே சொல்லு."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த கதையை ஆரம்பித்தாள்.